ஆளுக்குப் பாதி

நீதிபதி எளிதாகச் சொல்லிவிட்டார்:
வீடு அவளுக்கு, ஆடுகள் அவனுக்கு,
கார் ஆளுக்குப் பாதி.

அறுபத்துநாலாம் வருடத்து சியாம் டி தெல்லா.
கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை.
புவெனஸ் அயர்ஸில் வாடகைக்கு ஓடிக் களைத்து
எங்கள் ஹுஹுய் மலைகளுக்கு ஓய்வெடுக்க வந்தது.
ஓய்வுக்கு வந்தவரை மலையேறச் சொன்னால்
கோபம் வரத்தானே செய்யும்.

வாங்குகிறவர் உப்புவெளிக்கு அந்தப் பக்கம்.
நடுவில் லிபான் ஏற்றம்,
நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர்.
அந்த உயரத்தில் தண்ணீருக்குப் பொறுமை குறைவு,
எண்பத்தாறு டிகிரியிலேயே பொங்கிவிடும்.
எவரிஸ்தோவுக்கு அதைவிடக் குறைவு என்றேன்.
எனக்கு மட்டுமா என்றான்.

ஒன்பதாம் வளைவில் முள் சிவப்பைத் தொட்டது.
ஹீட்டரை முழுக்கத் திறந்து
எஞ்சினின் காய்ச்சலை முழங்கால்களில் வாங்கிக்கொண்டோம்.
வெளியே ஜூலைக் குளிர், உள்ளே ரொட்டி அடுப்பு.
பன்னிரண்டாம் வளைவில்
மூடியின் ஓரம் வெள்ளையாய்ச் சீறியது.

திறக்காதே என்றேன்.
அவன் திறக்கப் போகவே இல்லை.
ஆனாலும் சொன்னேன், பதினொரு வருடப் பழக்கம்.

ஆறட்டும் என்று காத்திருந்தோம்.
கோக்கா இலை மென்றான், எனக்கு நீட்டவில்லை.
பிறகு நீட்டினான்.

பம்ப் என்றான்.
பம்ப் போன மாதம் மாற்றியது, ரசீது என்னிடம்,
அவன் பாதிப் பணம் இன்னும் வரவில்லை.
தெர்மோஸ்டாட் என்றான்.
ஏப்ரலில் அதைக் கழற்றி எறிந்தவனே அவன்தான்.
பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், இறுக்கம் சரி.
எண்ணெய்க் குச்சியை உருவி வெயிலில் பிடித்தான்,
பால்போல் வெளுக்கவில்லை, கேஸ்கெட் பிழைத்தது.
ரேடியேட்டரை மேலிருந்து கீழாகத் தடவினேன்,
எங்கும் அடைப்பில்லை.
எல்லாம் நன்றாக இருந்தது.
நன்றாக இருந்தும் கொதித்தது.
வக்கீலிடமும் இதையேதான் சொன்னோம்.

ஒரு விகுன்யா நின்று பார்த்துவிட்டுப் போனது.

தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தால்
சமர்த்தாக ஓடியது.
சும்மா நிற்கையில் அதற்கு ஒரு குறையுமில்லை.
மிதி என்றேன்.
மிதித்தான், நான் குனிந்திருந்தேன்.
இன்னும்.

கீழ் ஹோஸ்,
இவ்வளவு நேரமும் உருண்டு திரண்டு நின்ற கறுப்பு ரப்பர்,
கன்னம் ஒட்டி, தட்டையாகி,
தன் தொண்டையைத் தானே அடைத்துக்கொண்டது.
காலை எடுத்தான்.
மறுபடி உருண்டை. ஒன்றும் அறியாத முகம்.

நீ வந்து பார் என்றேன். இடம் மாறினோம்.
நான் மிதிக்க அவன் குனிந்தான்.
போனட்டுக்குள்ளிருந்து அவன் சிரித்தது
தகரத்தில் பட்டுக் கேட்டது.
உள்ளே இருக்கவேண்டிய சுருள்கம்பி
துருவாகி எப்போதோ கரைந்திருக்கிறது.
மிதிக்கிறவருக்குத் தெரியாது,
பார்க்கிறவரால் மிதிக்க முடியாது.

ஹோஸைக் கழற்றினால் தண்ணீர் மண்ணுக்குப் போகும்,
கேனில் மிச்சம் இரண்டு லிட்டர்.
நீதிமன்றத் தாள்கள் இருந்த தகரப்பெட்டியைக் கவிழ்த்து
அதில் பிடித்தோம்.
காற்று பலம். தாள்கள்மேல் ஒரு கல்லை வைத்தேன்.

கம்பிக்குப் பின் இருக்கையைத்தான் கிழிக்கவேண்டும்.
எந்தப் பாதி என்றான், கத்தியோடு நின்றபடி.
நான் பதில் சொல்லவில்லை.
வலப்பக்கம் கிழித்தான்.
சுருள்வில் முனகிக்கொண்டு வெளியே வந்தது,
கொஞ்சம் பஞ்சும், ஒரு பழைய பேசோ நாணயமும்,
நான் தொலைத்ததாய் நினைத்த காதணியும்.
காதணியை அவன் சட்டைக் கைப்பிடியில் துடைத்துத் தந்தான்.
யாரும் எதுவும் பேசவில்லை.
வில்லை வெட்டி, நெளித்து, ரப்பருக்குள் திருகி ஏற்றினோம்.

முள் முக்காலில் நின்றது.
உச்சி தாண்டியதும் உப்பு,
கண்ணைத் திறக்க விடாத வெள்ளை.

தோன் எர்மோஹெனஸ் டயரை உதைத்தார்,
ஹாரன் அடித்தார், பின்னால் ஏறி உட்கார்ந்தார்.
வலப்பக்கம் ஏன் பள்ளம்?
நான் எவரிஸ்தோவைப் பார்த்தேன், அவன் உப்பைப் பார்த்தான்.
பள்ளத்துக்காக விலையைக் குறைத்தார்.

என் பாதியில் கழித்துக்கொள் என்றான் எவரிஸ்தோ.
பிறகு, காதில் விழாததுபோல் நான் நிற்க,
அந்தப் பம்ப் ரசீதைக் கொடு என்றான்.